பழைய வீட்டுக் கரண்ட்: கேட்டதும் சொன்னதும்

ஐப்பசி மழை இறங்கியதும் ஈரச் சுவரில் ஷாக், தானாக விழும் பிரேக்கர் என்று கடிதங்கள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம். பெட்டியைத் திறந்து செய்யும் வேலை எதுவானாலும் மின் உரிம வாரியத்தின் சான்று வைத்திருக்கும் ஒயர்மேனை வைத்தே செய்யுங்கள்.

*எங்களுடையது 1960களில் கட்டிய சீமை ஓட்டு வீடுங்க. ஆசாரம் (கூடம்), ரெண்டு அறை, சமையல்கட்டு, பொடக்காலியில் (கொல்லையில்) குளியலறை. தேக்கு ரீப்பர் மேல் கிளிப் அடித்த ஒயரிங். முழுசா மாத்த இப்போ காசில்லை. முதலில் எதைச் செய்யலாம்? புது மாடுலர் சுவிட்ச் போட்டால் போதும்ங்கறார் எலக்ட்ரீசியன்.*
— வாசகர், கோபிசெட்டிபாளையம்

சுவிட்ச் மாற்றினால் வீடு பளிச்சென்று இருக்கும், அவ்வளவுதான். உள்ளே அதே பழைய ரப்பர் ஒயர்தான் ஓடும். சுவிட்சைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை மெயின் பெட்டி. அந்தக் காலத்து இரும்பு மெயின் சுவிட்சில் ஃபேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று என்று ரெண்டு ஃப்யூஸ் கட்டை இருக்கும். ஆபத்து இந்த நியூட்ரல் ஃப்யூஸில்தான். அது மட்டும் போய்விட்டால் வீடே இருட்டாகும். கரண்ட் இல்லை என்று நினைத்து ஹோல்டரில் கை வைப்பீர்கள். ஃபேஸ் அங்கே உயிரோடு நிற்கும். ஆகவே பழைய பெட்டியைக் கழற்றிவிட்டு 8 வழி டிபி பாக்ஸ் (லைன்களைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) ஒன்று வையுங்கள். அதில் ஃபேஸ், நியூட்ரல் ரெண்டையும் சேர்த்து அறுக்கும் 40 ஆம்பியர் டபுள் போல் ஐசொலேட்டர், அடுத்து கசிவைப் பிடிக்கும் 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதன் பிறகு சுமை கூடினால் தானாக விழும் பிரேக்கர்களான எம்சிபிகள்: விளக்கு, ஃபேனுக்கு 6 ஆம்பியர் ரெண்டு, பிளக்குக்கு 16 ஆம்பியர் ரெண்டு, ஹீட்டருக்கு 20 ஆம்பியர் ஒன்று. மீட்டரிலிருந்து டிபி வரை 6 ஸ்கொயர் (சதுர மி.மீ.) காப்பர் ஒயர். மீட்டர், சீல், சர்வீஸ் ஒயர் எல்லாம் மின் வாரியத்துக்குச் சொந்தம். அந்த முனையைக் கழற்ற வேண்டியிருந்தால் பிரிவு அலுவலகத்தில் சொல்லி சப்ளையை நிறுத்தித்தான் செய்ய வேண்டும்.

ஆர்சிசிபி ஒன்றின் விலை ஏறக்குறைய ஒரு நல்ல சீலிங் ஃபேன் விலைதான். போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வழிதவறினால் 0.3 நொடிக்குள் கட் ஆகிவிடும். கசிவு அதைவிடப் பெரிதானால் இன்னும் வேகமாக விழும். மத்திய மின்சார ஆணையத்தின் 2023 பாதுகாப்பு விதிகளும் வீட்டு இணைப்புக்கு இந்த 30 மில்லி ஆம்பியர் அளவைத்தான் சொல்கின்றன. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ஒரு கையில் ஃபேஸும் மறு கையில் நியூட்ரலும் பட்டால் ஆர்சிசிபிக்குத் தெரியாது. அதற்கு நீங்களும் ஒரு பல்புதான்.

ரெண்டாவது எர்த். அதை அடுத்த பதிலில் விரிவாகச் சொல்கிறோம்.

மூன்றாவது, சமையல்கட்டுக்கும் குளியலறைக்கும் டிபியிலிருந்து நேராகப் புது லைன். கிரைண்டர், மிக்ஸி, ஃப்ரிட்ஜ், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் புது லைனுக்கு வந்துவிட்டால் ரீப்பர் ஒயரிங்கில் விளக்கும் ஃபேனும்தான் மிஞ்சும். எல்இடி பல்பு போட்டுவிட்டால் மூன்று அறைக்கும் சேர்த்து 2 ஆம்பியரைத் தாண்டாது. அந்தச் சுமையில், மழைத் தண்ணீர் படாத இடத்து ஒயர் இன்னும் ஓரிரு வருஷம் தாக்குப் பிடிக்கும். ஆனால் அதை நோண்டாதீர்கள். கெட்டிப்பட்ட ரப்பரை வளைத்தால் பொடிப்பொடியாக உதிர்ந்து செம்பு வெளியே தெரியும். ஹோல்டர், சீலிங் ரோஸ் பக்கத்தில் இது சீக்கிரம் நடக்கும். சூடு படும் இடம் அது. ஓட்டுக்குக் கீழே எலி கடித்த இடமோ, ஒழுகல் வரும் வழியோ இருந்தால் அந்தத் துண்டை முழுதாக மாற்றிவிடுங்கள். டேப் சுற்றுவது மராமத்து ஆகாது.

புது லைனுக்குச் சுவரைக் கொத்த வேண்டாம் என்பது எங்கள் கட்சி. அந்தக் காலத்து மண் சாந்துச் சுவரில் காடி வெட்டினால் ஒரு விரல் அகலம் வெட்டப் போய் ஒரு சாண் பெயர்ந்து விழும். பிவிசி கேசிங் கேப்பிங்கை (மூடி போட்ட பிளாஸ்டிக் பட்டையை) விட்டத்தை ஒட்டி ஓட்டினால் கண்ணை உறுத்தாது, பின்னால் திறந்து பார்க்கவும் முடியும். விளக்குக்கு 1.5 ஸ்கொயர், பிளக்குக்கு 2.5, ஹீட்டருக்கு 4. எர்த் ஒயரும் ஃபேஸ் ஒயர் அளவேதான். ஒரு சுருள் 90 மீட்டர். சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். மிச்சம் கிடக்கிறதே என்று பச்சையை ஃபேஸுக்கு இழுக்க விடாதீர்கள். பத்து வருஷம் கழித்துப் போர்டைத் திறப்பவன் அதை எர்த் என்று நம்பித் தொடுவான்.

ஒரு விளக்கு சர்க்யூட்டில் 10 பாயிண்ட் அல்லது 800 வாட், எது முதலில் வருகிறதோ அதோடு நிறுத்துங்கள். 16 ஆம்பியர் பிளக் என்றால் ஒரு சர்க்யூட்டுக்கு ரெண்டுக்கு மேல் வேண்டாம்.

*வாஷிங் மெஷினைத் தொட்டால் சுருக்கென்கிறது. எர்த் இருக்கிறது, 100 வாட் பல்பு போட்டுப் பார்த்தோம், நன்றாக எரிகிறது. பின்னே ஏன் ஷாக்? எங்கள் பக்கம் நாலடி தோண்டினால் சுக்கான், அதற்குக் கீழே பாறை. குழி எப்படி எடுப்பது?*
— வாசகர், காங்கேயம்

பல்பு எரிந்தால் எர்த் ‘இருக்கிறது’ என்று தெரியும். ‘நன்றாக இருக்கிறது’ என்று தெரியாது. 100 வாட் பல்பு இழுப்பது 0.43 ஆம்பியர். உங்கள் எர்த்தின் தடை 20 ஓம் என்று வையுங்கள். அந்தக் கரண்டில் அது சாப்பிடுவது 9 வோல்ட்கூட இல்லை. பல்பில் வித்தியாசமே தெரியாது. ஆனால் மெஷினுக்குள் ஃபேஸ் ஒயர் அதன் இரும்பு உடம்பில் பட்டால் அந்த 20 ஓம் வழியாக 230 ÷ 20, அதாவது 11.5 ஆம்பியர் ஓடும். 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது சாதாரணச் சுமை, விழவே விழாது. மெஷின் உடம்பில் 200 வோல்ட்டுக்கு மேல் நின்றுகொண்டே இருக்கும். ‘எர்த் போட்டும் ஆள் போய்விட்டாரே’ என்று ஊரில் பேசிக்கொள்வதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் இருக்கிறது.

அதே வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால் எர்த் 100 ஓமாக இருந்தாலும் உடம்பில் 3 வோல்ட் ஏறும்போதே கட் ஆகிவிடும். பாறை பூமிக்காரர்களுக்கு ஆர்சிசிபி கட்டாயம் என்று நாங்கள் அடித்துச் சொல்வது இதனால்தான். 2 ஓம் எர்த் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

இனி உங்கள் மெஷின். லேசான சுருக் என்றால், எலக்ட்ரானிக் போர்டு உள்ள சாதனங்களில் ஃபில்டர் கண்டன்சர் வழியாகக் கொஞ்சம் கரண்ட் உடம்புக்கு வரும். எர்த் அறுந்திருந்தால் மல்டிமீட்டரில் 110 வோல்ட் வாக்கில் காட்டும். ஆகவே முதலில் அந்தப் பிளக் பாயிண்டில் எர்த் ஒயர் உண்மையிலேயே டிபி வரை போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பாதி வீடுகளில் போர்டுக்குள் சுருட்டி விட்டிருப்பார்கள். ஒயர் சரியாக இருந்தும் ஷாக் அடித்தால் மோட்டாரிலோ ஹீட்டர் காயிலிலோ கசிவு. 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வைத்து ஃபேஸுக்கும் உடம்புக்கும் நடுவே பார்க்க வேண்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் ரிப்பேருக்குக் கொடுங்கள். அதுவரை பிளக்கைப் பிடுங்கி வையுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். பழைய வீடுகளில் தண்ணீர்க் குழாயில் எர்த் ஒயரைச் சுற்றி வைத்திருப்பார்கள். ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் மண்ணுக்குள் ஓடிய வரை அது ஏதோ வேலை செய்தது. இப்போது வெளிக்குழாய் பிவிசி ஆகிவிட்டது. மிச்சமிருக்கும் ரெண்டு முழ ஜிஐ குழாயும் பித்தளைக் குழாய்வாயும் எர்த்தாக இருப்பதை விட்டுவிட்டு, கசிவை வாங்கிக் குளிப்பவர் கைக்குக் கொடுக்கும். அந்த ஒயரைக் கழற்றி முறையான எர்த்தில் கொடுங்கள்.

குழி விஷயம். வழக்கமான முறை: 40 மி.மீ. ஜிஐ பைப், இரண்டரை மீட்டர் நீளம், சுவரிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி. உங்கள் பூமியில் அது இறங்காது. அறுத்து நாலடிக்கு நிறுத்தி மூடிவிடுவதுதான் வழக்கமான ஏமாற்று. அதற்குப் பதில் படுக்கை எர்த் போடுங்கள். ரெண்டடி ஆழத்தில் 15 மீட்டர் நீளத்துக்குக் காடி எடுத்து, 25க்கு 4 மி.மீ. ஜிஐ பட்டையைப் போட்டு, வெட்டிய சுக்கானைத் திரும்பத் தள்ளாமல் வண்டல் மண்ணால் மூடுங்கள். வண்டலோடு பெண்டோனைட் களிமண் கலந்தால் ஈரம் நிற்கும். கரியும் உப்பும் போட்டால் ஓம் குறையும், ஆனால் உப்பு ஜிஐயைத் தின்றுவிடும். பாத்திரம் கழுவும் தண்ணீர் போகும் பக்கமாகக் காடி எடுப்பது புத்திசாலித்தனம். பட்டையிலிருந்து டிபிக்கு 8 கேஜ் ஜிஐ கம்பி. இணைப்பு நட்டு போல்டில், மேலே திறந்து பார்க்கும்படி. பல்லடம் பக்கத்துக் கரிசல் மண்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் கோடையில் மண் வெடித்து பைப்பை விட்டு விலகும். சித்திரை, வைகாசியில் ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.

*ஆர்சிசிபி போட்டதிலிருந்து நாளுக்கு நாலு தடவை விழுகிறது. இன்வெர்ட்டர் இருக்கிறது. ஒயர்மேன் ‘பழைய வீட்டுக்கு இது ஒத்து வராது’ என்று கழற்றச் சொல்கிறார்.*
— வாசகி, திருப்பூர்

கழற்றாதீர்கள். உள்ளே இருக்கும் கோளாறைத்தான் அது காட்டுகிறது.

பழைய வீடுகளில் நியூட்ரலைக் கடன் வாங்கியிருப்பார்கள். மாடிப்படி விளக்குக்கு ஃபேஸ் ஒரு சர்க்யூட்டிலிருந்து, நியூட்ரல் பக்கத்துப் போர்டிலிருந்து. ஃப்யூஸ் காலத்தில் யாருக்கும் தெரியவில்லை. இன்வெர்ட்டர் வந்ததும் குழப்பம் இரட்டிப்பாகும். இன்வெர்ட்டருக்குப் போகும் லைன் ஆர்சிசிபிக்குப் பிறகு எடுக்கப்பட்டிருக்கும், அதில் எரியும் விளக்கின் நியூட்ரல் ஆர்சிசிபிக்கு முன்னால் இருக்கும் பழைய நியூட்ரல் கட்டையில் போய்ச் சேரும். போனது ஒரு வழி, வந்தது ஒரு வழி. ஆர்சிசிபிக்கு அது கசிவுதான்.

கண்டுபிடிக்கும் முறை: எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு ஆர்சிசிபியை மட்டும் ஏற்றுங்கள். பிறகு ஒவ்வொரு எம்சிபியாக ஏற்றி, அந்த லைன் சாதனங்களைப் போட்டுப் பாருங்கள். எதில் விழுகிறதோ அந்த லைன். இதுவரை நீங்களே செய்யலாம். எல்லா எம்சிபியும் கீழே இருக்கும்போதே விழுந்தால், எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது என்று சந்தேகப்படலாம். சிங்கிள் போல் எம்சிபி ஃபேஸை மட்டும்தான் அறுக்கும், நியூட்ரல் அப்படியே இணைந்திருக்கும். பல பேர் இங்கேதான் தலையைச் சொறிகிறார்கள். ஒயர்மேன் மெயினை இறக்கிவிட்டு நியூட்ரல் பாரிலிருந்து ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றி, மெக்கரில் பார்த்தால் அரைநாளில் அகப்பட்டுவிடும். மழை நாளில் மட்டும் விழுந்தால் வெளி விளக்கு, காலிங் பெல், மொட்டை மாடி போர்டு, மோட்டார் ஒயர் இந்த வரிசையில் பாருங்கள்.

சரிசெய்த பின், இன்வெர்ட்டர் லைனுக்கு டிபிக்குள் தனி நியூட்ரல் பார் வையுங்கள். வாங்கும்போது ‘ஏ’ டைப் ஆர்சிசிபி கேளுங்கள். இன்வெர்ட்டர் ஏசி, ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின் உள்ள வீட்டுக்கு அதுதான் சரி, ‘ஏசி’ டைப் அல்ல. பெயரைப் பார்த்து ஏசி மெஷினுக்கானது என்று வாங்கிவிட வேண்டாம். ஆர்சிசிபியில் ‘T’ (டெஸ்ட்) என்று போட்ட பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழாவிட்டால் மாற்றுங்கள்.

*ஃப்யூஸ் கட்டைக்கு எத்தனை இழை போடலாம்?*
— வாசகர், ராசிபுரம்

ஒயரிலிருந்து உருவிய இழை ஒன்றுகூட வேண்டாம். சாதாரண ஒயரின் ஒரு இழை 0.3 மி.மீ. இருக்கும், அது ஒன்று உருகவே 13 ஆம்பியர் வேண்டும். ரெண்டாக முறுக்கினால் 26. அதற்குள் சுவருக்குள் இருக்கும் 1 ஸ்கொயர் ஒயர் வெந்துவிடும். ஈயம் பூசிய ஃப்யூஸ் கம்பி கடையில் கிடைக்கிறது: 5 ஆம்பியருக்கு 0.2 மி.மீ., 15 ஆம்பியருக்கு 0.5 மி.மீ. கட்டையை எம்சிபியாக மாற்றும் வரை அதைப் போடுங்கள். போட்டதும் போய்விட்டால் பெரிய கம்பி தேடாமல் கோளாறைத் தேடுங்கள்.

*ரெண்டு பின் பிளக்கை மூணு பின்னாக மாற்றினோம். எர்த் ஒயர் இல்லாததால் நியூட்ரலையே மேல் ஓட்டைக்கு லூப் கொடுத்துவிட்டார்கள். பரவாயில்லையா?*
— வாசகர், பொள்ளாச்சி

இன்றைக்கே கழற்றுங்கள். எங்காவது நியூட்ரல் ஒரு இடத்தில் அறுந்தால் போதும், அதில் மாட்டிய ஃப்ரிட்ஜின் கதவுக்கு முழு 230 வோல்ட் வந்துவிடும். ஃப்ரிட்ஜ் கெட்டிருக்கக்கூட வேண்டாம். எர்த் ஒயர் இழுக்க முடியாத போர்டு என்றால், இழுக்கும் வரை அதில் இரும்பு உடம்புள்ள சாதனம் எதையும் மாட்டாதீர்கள். செல்போன் சார்ஜர், பிளாஸ்டிக் டேபிள் ஃபேன் போன்றவற்றுக்கு விட்டுவையுங்கள்.

*வீட்டோடு நாலு தறி ஓடுகிறது. போர்டு மேல் பஞ்சு படிந்துகொண்டே இருக்கிறது. ஆபத்தா?*
— வாசகர், சோமனூர்

ஆபத்துதான். பீங்கான் கட்டையில் கம்பி உருகும்போது பறக்கும் பொறி ஒன்று போதும். பஞ்சு வழியாகத் தீ விட்டத்துக்கு ஓடிவிடும். தறிப் போர்டு மூடிய இரும்பு அல்லது பிளாஸ்டிக் பெட்டியாக, ரப்பர் வாஷரோடு, ஐபி54 (தூசிக் காப்பு) தரத்தில் இருக்க வேண்டும். ஒயர் நுழையும் ஓட்டைகளில் கிளாண்ட் போடுங்கள். திறந்த ஓட்டை என்றால் பெட்டி வாங்கியதே வீண். ஒவ்வொரு மோட்டாருக்கும் தனி ஓவர்லோட் ரிலே, மோட்டார் பெயர்த்தகட்டில் உள்ள ஆம்பியருக்குத் திருப்பி வைத்தது. அடிக்கடி விழுகிறதென்று கூட்டி வைத்தால் காயில் கருகும். வாரம் ஒருமுறை மெயினை இறக்கிவிட்டு, காய்ந்த பிரஷால் மோட்டாரின் ஃபேன் மூடியைச் சுத்தம் செய்யுங்கள். ஊதிவிட்டால் பஞ்சு உள்ளே போய் அடையும். தறிச் சாலைக்கு ஒரு டிபி, வீட்டுக்கு ஒரு டிபி, இரண்டுக்கும் தனித்தனி ஆர்சிசிபி.

*த்ரீ ஃபேஸ் வீடு. நேற்று ராத்திரி சில விளக்கு கண்ணைக் கூசியது, சில விளக்கு மின்மினி மாதிரி. டிவி போய்விட்டது.*
— வாசகர், ஈரோடு

நியூட்ரல் அறுந்திருக்கிறது, அல்லது லூஸ். அப்போது சாதனங்கள் ரெண்டு ஃபேஸுக்கு நடுவே சீரியலில் மாட்டிக்கொள்ளும்; சுமை குறைந்த பக்கத்துக்கு 400 வோல்ட்டை நெருங்கிப் போகும். இனி இப்படித் தெரிந்தால் யோசிக்காமல் மெயினை இறக்குங்கள், பிறகு மின்னகம் 94987 94987 எண்ணில் புகார் கொடுங்கள். கம்பத்திலா உங்கள் பெட்டியிலா என்று பார்த்துச் சொல்வார்கள். உங்கள் பக்கம் என்றால், பெரும்பாலும் பழைய மெயின் சுவிட்சின் நியூட்ரல் லிங்கில் தளர்ந்த ஸ்க்ரூவாக இருக்கும். கருகி, பச்சை பூத்திருக்கும். வோல்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் அறுக்கும் புரொடெக்டர் ஒன்று டிபியில் வைத்தால் அடுத்த டிவியாவது பிழைக்கும்.

*1980களில் கட்டிய தார்சு வீடு, அலுமினிய ஒயரிங். ஒன்றரை டன் ஏசி மாட்டலாமா?*
— வாசகி, கோவை, ராமநாதபுரம்

இருக்கும் பிளக்கில் மாட்டக்கூடாது. ஏசி இழுப்பது 8 ஆம்பியர் வாக்கில்தான், 2.5 ஸ்கொயர் அலுமினியம் அதைத் தாங்கும். தாங்காதது முனைகள். அலுமினியம் ஸ்க்ரூவின் அழுத்தத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கி விலகும். விலகிய இடத்தில் ஆக்ஸைடு படியும், சூடு ஏறும், சூட்டில் இன்னும் விலகும். ஏசி மணிக்கணக்கில் ஓடுவதால் முனை ஆறவே நேரம் கிடைக்காது. அதோடு செம்பு ஒயரை முறுக்கிச் சேர்த்திருந்தால் ஈரத்தில் அலுமினியம் அரித்துப்போகும்.

டிபியிலிருந்து ஏசிக்கு 4 ஸ்கொயர் காப்பரில் தனி லைன், நடுவில் ஜாயிண்ட் இல்லாமல், ‘சி’ கர்வ் 20 ஆம்பியர் எம்சிபியோடு. மீட்டரிலிருந்து வரும் மெயின் ஒயரும் அலுமினியம் என்றால் அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் பழுது ஒரு பெட்டி தள்ளிப் போகும், அவ்வளவே. அனுமதிக்கப்பட்ட கிலோவாட் போதுமா என்று பில்லில் பார்த்து, போதாவிட்டால் லோடு கூட்ட எழுதிக் கொடுங்கள்.

மற்ற அறைகளின் அலுமினிய ஒயரை உடனே பிடுங்க வேண்டியதில்லை. மெயினை இறக்கிவிட்டு, ஒவ்வொரு போர்டையும் ஒயர்மேனைத் திறக்கச் சொல்லி, கறுத்த முனையை அரை அங்குலம் வெட்டி, புதிதாகச் சீவி, முறுக்கி வையுங்கள். சீவும்போது ஒயரில் கத்தி வெட்டு விழுந்தால் அந்த இடத்திலேயே ஒடியும். கிரைண்டர் போட்டதும் விளக்கு சிமிட்டுவது, சுவிட்ச் பிளேட் கைக்குச் சூடாக இருப்பது, கருகின மீன் மாதிரி ஒரு வாடை, இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த லைனை இறக்கிவிட்டு, அன்றைக்கே ஆள் கூப்பிடுங்கள்.

*பொடக்காலியில் துணி காயப்போட ஜிஐ கம்பி கட்டியிருக்கிறோம். ஒரு முனை தகரக் கூரையின் இரும்புச் சட்டத்தில், மறு முனை சர்வீஸ் ஒயர் ஏறும் பைப்பில். அவிழ்க்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன்.*
— வாசகி, தாராபுரம்

அண்ணன் சொல்வது சரி. வெயிலில் காய்ந்த சர்வீஸ் ஒயரின் மேலுறை பைப்பின் வாயில் உரசிக் கிழியும். கிழிந்தால் பைப், கம்பி, கூரை எல்லாம் ஒரே கரண்ட். அது மீட்டருக்கு முன்னால் நடப்பதால் உங்கள் ஆர்சிசிபியால் ஒன்றும் செய்ய முடியாது. நைலான் கயிறு வாங்கி ரெண்டு மர முளையில் கட்டுங்கள். ஆடு, மாட்டை மின்கம்பத்திலோ ஸ்டே கம்பியிலோ கட்டுவதும் இதே கணக்குதான். மாடு நம்மைவிடக் குறைந்த வோல்டேஜிலேயே விழுந்துவிடும். சர்வீஸ் ஒயர் உரித்திருப்பது தெரிந்தால் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, மாற்றும் வரை அந்தப் பைப் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள்.